அடுப்படி மேடை: அன்று மெழுகிய தரை, இன்று மெருகேற்றிய கல்

தமிழ்நாட்டு வீடுகளில் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் கூரை மாறியிருக்கிறது, தரை மாறியிருக்கிறது, வாசல் நிலை மாறியிருக்கிறது. ஆனால் வீட்டு வேலை செய்பவரின் உடம்பு நேராக உணர்ந்த மாற்றம் எது என்றால், அடுப்பு தரையை விட்டு எழுந்து இடுப்பளவு மேடைக்கு வந்ததைத்தான் சொல்ல வேண்டும். குந்தியும் குனிந்தும் செய்த வேலையை நின்றுகொண்டு செய்யலாம் என்று ஆனது. அந்த மேடை முதலில் சிமெண்டாக இருந்தது. பிறகு கடப்பா கல் வந்தது, அதன் பிறகு கிரானைட். இப்போது குவார்ட்ஸும் பெரிய பீங்கான் பலகைகளும் வந்திருக்கின்றன.

ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் குறையைத் தீர்த்தது. கூடவே புதிதாக ஒரு கவனத்தையும் கேட்டது. அந்தக் கவனம் என்ன என்பதைக் கல் விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. கடன் வாங்கிக் கட்டிய சமையலறையில் சில வருடங்களுக்குள் மேடை மங்கிப்போவதும், சிங்க் ஓரம் கறுப்பதும், அடுப்புப் பக்கம் எண்ணெய்த் திட்டு படிவதும் இதனால்தான். அன்றைய அடுப்படியை விட இன்றைய அடுப்படி வசதியானது, சுத்தமானது, உடம்புக்கு நல்லது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று சமைத்தவர்களிடம் இருந்த ஒன்று நம்மிடம் குறைந்துவிட்டது. தான் புழங்கும் தளம் எதனால் ஆனது, அது எதைத் தாங்கும், கெட்டால் எப்படிச் சரிசெய்வது என்ற அறிவு அது. அதை மீட்டுக்கொள்வது கடினமில்லை.

தரையே மேடையாக இருந்த காலம்

மண் அடுப்புக் காலத்தில் மேடை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு, காயை இரு கையாலும் பிடித்து அலகில் கொடுத்து அரிந்தார்கள். அரிந்த துண்டு நேரே தண்ணீர்ச் சட்டியில் விழுந்தது. அடியில் பலகை வேண்டியிருக்கவில்லை. தேங்காய் துருவுவதும் அப்படியே. அரைக்க அம்மி, மாவாட்ட ஆட்டுக்கல், இடிக்க உரல், உடைக்கத் திருகை எல்லாம் தரையோடு தரையாக இருந்தன. கத்தியை மேலிருந்து கீழாக இறக்கி வெட்டும் பழக்கம் வீடுகளுக்குள் வந்த பிறகுதான், வெட்டுவதற்கென்று ஒரு தளம் தேவைப்பட்டது.

அந்தத் தரைக்குத் தினசரிப் பராமரிப்பு உண்டு. விடிந்ததும் அடுப்புச் சாம்பலை அள்ளி, கூட்டி, சாணம் கரைத்து மெழுகினார்கள். அடுப்பில் வெடிப்பு விட்டால் களிமண்ணைக் குழைத்துப் பூசினார்கள். பொங்கலுக்கு முன் பல வீடுகளில் அடுப்பையே புதிதாகப் போட்டார்கள். மண் தரை ஈரத்தை உறிஞ்சும், பிளக்கும், புழுதி விடும். ஆனால் செப்பனிடும் பொருள் ஊருக்குள்ளேயே கிடைத்தது, செப்பனிடத் தெரிந்தவர் அதைப் புழங்குபவரே.

கல்லுக்கும் அன்று ஒரு பராமரிப்பு இருந்தது. தேய்ந்து வழவழப்பான அம்மியில் மிளகாய் நழுவும், மசியாது. தெருவில் “அம்மி கொத்தலியோ, ஆட்டுக்கல் கொத்தலியோ” என்ற குரல் கேட்டால் கூப்பிட்டு, உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தச் சொல்வார்கள். கொத்திய கல்லில் முதலில் தவிட்டையோ அரிசியையோ போட்டு அரைத்து, கழுவி ஊற்றி, கல்துகள் போன பிறகுதான் சமையலுக்கு அரைப்பார்கள். கல்லைச் சொரசொரப்பாக வைத்திருப்பது அன்றைய பராமரிப்பு. அதை வழவழப்பாக வைத்திருப்பது இன்றைய பராமரிப்பு. இரண்டுக்கும் கல்லின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்வதால் அந்தக் காலம் இனிமையானது என்று ஆகிவிடாது. விறகுப் புகையில் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, மூட்டு தேய்ந்து பெண்கள் சமைத்தார்கள். கர்ப்பிணியும் அப்படியே குந்தினார், அறுபது வயதுப் பாட்டியும் அப்படியே குந்தினார். அந்தத் தரையிலிருந்து எழுந்தது பெரிய விடுதலை.

அடுப்பை எழுப்பியது கேஸ்

நகரத்து வீடுகள் சிலவற்றில், புகைபோக்கிக்குக் கீழே செங்கல் மேடை கட்டி விறகடுப்பு வைக்கும் வழக்கம் முன்பே இருந்தது. பம்ப் ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் பெரும்பாலும் தரையிலேயே எரிந்தன. மேடையைக் கட்டாயமாக்கியது சமையல் எரிவாயு. 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. 1960களின் நடுவில் இந்தியன் ஆயிலின் இண்டேன் வந்தது. அந்த வாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். அதனால் சிலிண்டர் கீழே செங்குத்தாக நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. 14.2 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ இரண்டடி உயரம். அதற்கு மேல் ரெகுலேட்டர் திருகக் கையிடம் விட்டுப் பலகையை வைத்தால், மேடை தானாகவே இடுப்பளவுக்கு வந்துவிடும்.

நடுத்தர வீடுகளில் தொடங்கிய இந்த மாற்றத்தைக் குடிசை வரை கொண்டுபோனவை அரசுத் திட்டங்கள். 2006இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2011இல் வந்த அதிமுக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. அடுப்பு வந்த வீட்டில் அதை வைக்க ஓர் உயரமான இடமும், மிக்ஸி வந்த வீட்டில் அதை நிறுத்த ஒரு தளமும் வேண்டியிருந்தது. இரண்டு செங்கல் சுவர் எழுப்பி அதன் மேல் ஒரு கல்லைக் கிடத்தினார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் அதுதான் முதல் மேடை.

சிமெண்டும் சிவப்புக் காவியும்

தொடக்க கால மேடைகள் கான்கிரீட் பலகைமேல் சிமெண்ட் பூசி, சிவப்பு ஆக்சைடோ கருப்பு ஆக்சைடோ தூவி, கரணையால் இழைத்தவை. நல்ல கொத்தனார் இழைத்த சிவப்புத் தளம் வருடம் ஆக ஆக மெருகேறும். ஆனால் மேடையில் அதற்கு இரண்டு எதிரிகள் இருந்தார்கள். புளியும் எலுமிச்சையும் மோரும் சிமெண்டை அரித்தன. எண்ணெய் உள்ளே இறங்கிக் கறுத்தது. மயிரிழை வெடிப்பு விழுந்தால் அதில் மாவும் மசாலாவும் தங்கின. வசதியான வீடுகளில் பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து மெருகேற்றிய மொசைக் வந்தது. பார்க்க அழகு, ஆனால் அதன் உடம்பிலும் சிமெண்ட்தான் இருந்தது. கறையும் அதே வழியில் இறங்கியது.

கடப்பா கல்லின் ஆட்சி

சிமெண்டுக்குப் பதிலாக வந்தது கடப்பா கல். ஆந்திரத்தின் கடப்பா, கர்னூல் பகுதிகளில் அடுக்கடுக்காகக் கிடக்கும் கரும்சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் அது. படுகை படுகையாகப் படிந்த கல் என்பதால், பெரிய இயந்திரம் இல்லாமலே பலகையாகப் பிளந்து எடுக்கலாம். மலிவாகக் கிடைத்ததற்கு அதுவே காரணம். மேடை, அலமாரித் தட்டு, பரண், பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும் கல் என்று ஒரு தலைமுறை வீடுகள் முழுக்கக் கடப்பா நிறைந்தது. கறுப்பு என்பதால் கரியும் எண்ணெயும் கண்ணில் படவில்லை. சூட்டைத் தாங்கியது. விரிசல் விட்டால் அதே அளவில் இன்னொரு பலகையை வாங்கிப் போட முடிந்தது.

அதன் குணத்தை அறிந்தவர்கள் அதை நன்றாகவே வைத்திருந்தார்கள். சுண்ணாம்புக்கல்லுக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சை பிழிந்த இடத்தில், புளித்தண்ணீர் நின்ற இடத்தில், தயிர்க் கிண்ணம் வைத்த இடத்தில் வெளிறிய வளையம் விழும். அது கறை இல்லை. கல்லின் மேல்தோலைப் புளிப்பு தின்றுவிட்ட தடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதனால் புளிப்புப் பொருள் சிந்தினால் அப்போதே துடைத்தார்கள். வாரம் ஒருமுறை துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் கறுப்பு மீண்டும் தெளியும். ஓரம் ஏடு ஏடாகப் பெயரும் என்பதால் கனமான பாத்திரத்தை விளிம்பில் இடிக்க மாட்டார்கள்.

இன்று கடப்பா மறைந்துவிடவில்லை; கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது. பல வீடுகளில் கிரானைட்டுக்கு அடியில் தாங்கு பலகையாகவும், மேடைக்குக் கீழே தடுப்பாகவும் அதுதான் நிற்கிறது. கையில் பணம் குறைவாக இருந்தால் மேடைக்கும் அதையே போடலாம் என்று நான் தயங்காமல் சொல்வேன். புளிப்பை உடனே துடைக்கும் வழக்கம் இருந்தால் அது ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

கிரானைட் வந்த வழி

கிரானைட் நமக்குப் புதிய கல் இல்லை. கோயில்களே அதில் நிற்கின்றன. அதை ஒரே சீரான மெல்லிய பலகையாக அறுத்துக் கண்ணாடியாக மெருகேற்றும் இயந்திரம்தான் புதிது. தமிழ்நாடு அரசு 1978இல் தமிழ்நாடு கனிம நிறுவனத்தைத் தொடங்கியது. டாமின் என்றால் எல்லோருக்கும் தெரியும். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கங்களில் அறுவை ஆலைகளும் மெருகு ஆலைகளும் பெருகின. நம் கறுப்புக் கற்கள் ஜப்பானின் கல்லறைகள் வரை ஏற்றுமதியாயின. 1990களுக்குப் பிறகு ஆலைகளும் வைர அறுவைக் கருவிகளும் பெருகப் பெருக, அதே கல் நடுத்தர வீட்டுச் சமையலறைக்குள் வந்தது.

வியாபாரத்தில் கிரானைட் என்று விற்கும் கற்கள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை இல்லை. கல் வாங்கும்போது மிக உதவும் உண்மை இது. கறுப்புக் கற்களில் பெரும்பாலானவை டோலரைட், காப்ரோ வகைப் பாறைகள். நெருக்கமான மணி கொண்டவை, தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கறுப்பு இந்த வகை. ஆந்திரத்தின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸியும் அப்படியே. அதில் மின்னும் பொன் புள்ளிகள் பிரான்சைட் என்ற கனிமம். வெளிர் நிறக் கற்கள் வேறு மாதிரி. மதுரை மேலூர்ப் பக்கத்தில் வெட்டியெடுத்த காஷ்மீர் ஒயிட்டில் காணும் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் மணிகள். பார்க்க மிக அழகு. ஆனால் அது தண்ணீரையும் எண்ணெயையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே விலையில் இரண்டு கல் இருந்து, அடுப்புப் பக்கத்துக்கு எதை எடுப்பது என்று கேட்டால், கறுப்பை எடுங்கள் என்பதே என் பதில்.

இந்தக் கல் ஒரு மலையிலிருந்து வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 2012இல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், மேலூர் வட்டாரக் குவாரி முறைகேடுகள் பற்றி அரசுக்கு எழுதினார். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. 2015இல் அவர் அறிக்கை கொடுத்தார். குன்றுகளும் கண்மாய்களும் ஊர்களும் சேர்ந்து இழந்தவை அந்த விசாரணையில் வெளியே வந்தன. நம் வீட்டு மேடைக்கும் அந்தக் குன்றுக்கும் தொடர்பு உண்டு. அதனால்தான் மங்கிய கிரானைட்டைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதிது போடுவதை நான் எதிர்க்கிறேன். மெருகு போடுபவரை அழைத்தால், தண்ணீர் விட்டு வைரத் தகடுகளால் தேய்த்து, இருந்த இடத்திலேயே பளபளப்பை மீட்டுத் தருவார். வீடு மாற்றிக் கட்டும்போது பழைய பலகையை எடுத்து அளவு வெட்டிப் பின்கட்டுக்கோ பூஜை அறைக்கோ போடலாம். வெட்டிய மலை திரும்பி வளராது.

குவார்ட்ஸும் அதன் தூசியும்

இன்று மாடுலர் கிச்சன் கடைகளில் முதலில் காட்டுவது வெள்ளைக் குவார்ட்ஸ். இது பாறையை அறுத்து எடுத்த கல் இல்லை. ஆலையில் செய்த கல். குவார்ட்ஸ் பொடியும் மணியும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல், பிசினும் நிறமியும் மீதி. அதிர்வும் அழுத்தமும் கொடுத்து, வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சிப் பலகையாக்குகிறார்கள். இந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தது இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம். இதில் துளையே இல்லை என்று சொல்லலாம். ஊறலைத் தடுக்கும் சீலர் பூச வேண்டாம், எலுமிச்சை ஒன்றும் செய்யாது, நிறம் ஒரே சீராக இருக்கும்.

பலவீனம் பிசினில் இருக்கிறது. ஏறக்குறைய 150 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் பிசின் கெடத் தொடங்கும். நம் தோசைக்கல் எளிதாக 200 டிகிரியைத் தாண்டும். அதை இறக்கி நேரே குவார்ட்ஸில் வைத்தால் பழுப்பு வட்டம் விழும். எந்த மருந்திலும் அது போகாது. நேர் வெயிலிலும் நிறம் மாறும் என்பதால் மொட்டை மாடி அடுப்படிக்கும் திறந்த பின்கட்டுக்கும் அது உதவாது. தாளிப்பும் வறுவலும் தினமும் நடக்கும் வீட்டில் குவார்ட்ஸ் போடுபவர்கள், அடுப்புக்கு இருபுறமும் இரும்பு முக்காலியோ மரப் பலகையோ நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கிரானைட்டிலும் படிகச் சிலிக்கா உண்டு, ஆனால் பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. குவார்ட்ஸ் பலகையில் அது தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. உலர்ந்த நிலையில் அறுத்தால் பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். அதற்கு முழுக் குணம் தரும் சிகிச்சை இல்லை. இளம் வயதுக் கல் தொழிலாளிகளுக்கு இந்த நோய் வருவதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் இந்த வகைக் கல்லையே தடை செய்தது. உலகில் அப்படித் தடை செய்த முதல் நாடு அது.

நம் ஊரில் புது வீட்டு வேலை நடக்கும் இடத்தில், முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கைக் கட்டரால் உலர்வாகக் கல் அறுக்கும் இளைஞர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எந்தக் கல்லானாலும் இதைத் தவிர்க்கலாம். அளவை முழுதாக எடுத்துக் கொடுத்து, சிங்க் துளை, அடுப்புத் துளை, விளிம்பு வளைவு எல்லாவற்றையும் ஆலையிலேயே தண்ணீர் விட்டு அறுத்து வாங்குங்கள். வீட்டில் கொஞ்சம் திருத்த வேண்டியிருந்தால் தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்லுங்கள், தூசி முகமூடி வாங்கிக் கொடுங்கள். பல லட்சம் ரூபாய் வீட்டு வேலையில் இது ஒரு செலவே இல்லை.

குவார்ட்ஸ் தவிர வேறு தளங்களும் உண்டு. கண்ணாடிப் பொடியை உருக்கிச் செய்த நானோ ஒயிட் ஒரு காலத்தில் விரும்பி வாங்கப்பட்டது. புதிதில் பால் வெள்ளை. நாளாக நாளாகக் கீறலும் ஓரச் சில்லும் பளிச்சென்று தெரியும். குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் கனத்த பீங்கான் பலகைகள் சூட்டையும் கறையையும் நன்றாகத் தாங்குகின்றன. ஆனால் விளிம்பு இடிபட்டால் உடையும். பதிப்பவர் கை தேர்ந்தவராக இருக்க வேண்டும். ஹோட்டல்களும் விடுதிகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேசையை விடாமல் வைத்திருப்பதில் காரணம் இருக்கிறது. கறை இறங்காது, சூடு பாதிக்காது, வெந்நீர் ஊற்றிக் கழுவலாம். கீறலைப் பொருட்படுத்தாதவர்களுக்கு வீட்டிலும் அது நல்ல தேர்வு.

கடையில் பார்க்க வேண்டியவை

கல்லைக் கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளியே வெயிலில் சாய்த்து வைத்துப் பாருங்கள். குறுக்கே ஓடும் மயிரிழை விரிசல், பிசின் பூசி மறைத்த குழி எல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும். ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். துடைத்த பிறகு ஈரத் திட்டு நின்றால் அந்தக் கல் உறிஞ்சும். வெள்ளைத் துணியில் நகப்பூச்சு நீக்கியைத் தொட்டுக் கறுப்புக் கல்லின் மூலையில் தேயுங்கள். துணி கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல். கிரானைட் என்று சொல்லிக் கொடுக்கும் கல்லின் உடைந்த துண்டில் எலுமிச்சை பிழியுங்கள். நுரைத்தாலோ வெளிறினாலோ அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் விட நல்ல சோதனை ஒன்று உண்டு. வாங்க நினைக்கும் கல்லின் வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அதில் மஞ்சள் கரைசல், புளிக்கரைசல், நல்லெண்ணெய், மிளகாய்ப்பொடி எண்ணெய் நான்கையும் தனித்தனியாக வைத்து ஓர் இரவு விட்டுக் காலையில் கழுவிப் பாருங்கள். எந்த விற்பனையாளரின் பேச்சையும் விட அந்தத் துண்டு தெளிவாகப் பதில் சொல்லும்.

உயரம் யாருடையது?

கல்லுக்குச் செலவிடும் யோசனையில் பாதியையாவது உயரத்துக்குச் செலவிட வேண்டும். தரையிலிருந்து எழுந்தபோது கிடைத்த விடுதலையை உயரக் கணக்கில் பல வீடுகள் பாதி இழந்துவிடுகின்றன. மேஸ்திரி தனக்குப் பழக்கமான அளவில் கட்டுகிறார், மாடுலர் கிச்சன்காரர் தன் பெட்டியின் அளவுக்கு வைக்கிறார். நின்று சமைக்கப்போகிறவரை யாரும் அளப்பதில்லை.

கணக்கு எளிது. முழங்கையை மடக்கி நின்றால் அது தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதில் 10 முதல் 15 செ.மீ. குறைத்தால் காய் நறுக்கும் மேடையின் உயரம் வரும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கை ஏறத்தாழ 95 செ.மீ. ஆகவே அவருக்கு 80 முதல் 85 செ.மீ., அதாவது 32, 33 அங்குலம் பொருந்தும். இப்போது பரவலாக வரும் 36 அங்குலம் உயரமானவர்களின் உடம்புக்கு ஏற்றது. அதன் மேல் நான்கைந்து அங்குல அடுப்பு, அதற்கு மேல் எட்டு அங்குலச் சோற்றுப் பானை என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். ஐந்தடிப் பெண்ணின் தோள் மட்டத்துக்குப் பானையின் வாய் வந்துவிடும். கிளறும் ஒவ்வொரு முறையும் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டும். கழுத்து வலி, தோள்பட்டை வலி என்று வைத்தியரிடம் போகிறவர்கள் தங்கள் மேடையையும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

தீர்வும் இருக்கிறது. அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் நான்கு அங்குலம் தாழ்த்திக் கட்டலாம். அல்லது கல்லில் துளையிட்டு அடுப்பைப் பதிக்கலாம். கிரைண்டருக்குத் தாழ்வான ஒரு திண்டு வைத்தால் மாவு வழிப்பது சுலபம். உட்கார்ந்து நறுக்க விரும்பும் பெரியவர்களுக்கு ஓர் ஓரத்தில் மேசை உயரத்தில் இரண்டடிப் பலகை விடலாம். அன்றைய தரை இந்த விஷயத்தில் எல்லோரையும் ஒரே மாதிரி வருத்தியது. இன்று ஆளுக்கேற்ப அமைக்க வசதி இருந்தும் எல்லோருக்கும் ஒரே அளவு என்பது நியாயமில்லை.

பேணும் முறை

பராமரிப்பே வேண்டாத தளம் என்று ஒன்று இல்லை. வேலையின் அளவுதான் கல்லுக்குக் கல் மாறும். எல்லாக் கல்லுக்கும் பொதுவான தினசரி வேலை ஒன்றே: இரவு சமையல் முடிந்ததும், பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு துளியை வெதுவெதுப்பான நீரில் கலந்து துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது. இந்த மூன்றாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் புழங்கும் ஊர்களில் மேடை வெளுத்துப்போவதற்குத் தானாகக் காயவிட்ட தண்ணீரே காரணம். படிந்த உப்பைச் சுரண்டக் கம்பி நாரையும் கரகரப்பான தூளையும் எடுத்தால் மெருகு போய்விடும். கம்பி நாரின் துணுக்கு ஈரத்தில் கிடந்து துருக்கறையும் விடும். கழிப்பறை கழுவும் ஆசிட் சமையலறைக்குள்ளேயே வரக் கூடாது. கடப்பாவை மட்டுமின்றி, கல் இணைப்பில் உள்ள சிமெண்டையும் ஸ்டீல் சிங்க்கையும் அது அரித்துவிடும்.

வெளிர் கிரானைட் போட்டவர்கள் அதே தண்ணீர்ச் சோதனையை அவ்வப்போது செய்ய வேண்டும். துளி முத்தாக நின்றால் சரி. பரவிக் கல் கறுத்தால் சீலர் பூசும் காலம் வந்துவிட்டது. கல்லை நன்றாகக் கழுவி முழுதாகக் காயவிட்டு, சீலரைத் துணியால் பூசி, ஊறியது போக மேலே நிற்பதை டப்பாவில் குறித்த நேரத்துக்குள் துடைத்து எடுக்க வேண்டும். எண்ணெய்த் திட்டு ஏற்கெனவே இறங்கியிருந்தால், சமையல் சோடாவைத் தண்ணீரில் களிம்பாகக் குழைத்துத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓர் இரவு விட்டு எடுங்கள். உள்ளே போன எண்ணெயை அது மேலே இழுக்கும். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். கிரானைட்டில் பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுக்காகும்.

மஞ்சள் கறைக்கு ஒரு தனி விவரம் உண்டு. மஞ்சள் சிந்திய இடத்தில் சோப்பின் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் மஞ்சள் சிவப்பதும் இதே காரத்தின் வேலைதான், பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். ஜன்னல் ஓரத்து மேடையில் தானாகவே மங்கும். இருட்டு மூலையில் களிம்பு முறையைச் செய்ய வேண்டும்.

மேடை உடைவதில் பெரும்பங்கு துளை வெட்டிய மூலைகளில்தான். சிங்க்குக்கும் அடுப்புக்கும் முன்னால் கல் ஒரு சாண் அகலமோ அதற்கும் குறைவோ இருக்கும். அங்கே ஏறி நிற்பதும், ஈரமான குளிர்ந்த கல்லில் கொதிக்கும் குக்கரை இறக்குவதும் விரிசலை வரவழைக்கும். பரணில் பாத்திரம் எடுக்க ஏணியோ முக்காலியோ வையுங்கள். சிங்க்கைச் சுற்றிய சிலிக்கான் பூச்சைச் சில மாதங்களுக்கு ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். அது பெயர்ந்தால் தண்ணீர் கீழே இறங்கி, பிளைவுட் பெட்டி ஊதி, கரப்பான் குடியேறும். கட்டும்போதே மேடையின் முன் விளிம்பின் அடிப்பக்கம் ஒரு மெல்லிய காடி இழுக்கச் சொன்னால், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கதவுக்கு வராது. பழைய கொத்தனார்கள் ஜன்னல் சன்ஷேடுக்குச் செய்யும் அதே வேலைதான்.

தேர்வு யார் கையில்?

சாணம் மெழுகிய காலத்தில் அடுப்படியின் தளத்தை முடிவு செய்தவரும், போட்டவரும், பேணியவரும், அதில் சமைத்தவரும் ஒருவரே. இன்று பலகையைத் தேர்வது வீட்டுக்காரர், வரைவது வடிவமைப்பாளர், பதிப்பது ஒப்பந்தக்காரர். சமைப்பவர் பல வீடுகளில் கடைசியாகத்தான் உள்ளே வருகிறார். பல குடும்பங்களில் அவர் சம்பளத்துக்கு வரும் சமையல்கார அக்காவாகவும் இருக்கிறார். அவரிடம் நிறம் பற்றிக் கூட யாரும் கேட்பதில்லை, உயரம் பற்றி யார் கேட்பது? கல்லின் விலை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தக் கல்மேல் தினமும் உழைப்பவரின் சொல்லுக்கு மதிப்பு அதே அளவில் கூடவில்லை.

எந்தக் கல் உயர்ந்தது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. தினமும் தாளித்து வறுக்கும் வீட்டுக்குக் கறுப்பு கிரானைட், செலவைச் சுருக்க வேண்டிய வீட்டுக்குக் கடப்பா, வெயில் படாமல் அளவாகச் சமைக்கும் வீட்டுக்குக் குவார்ட்ஸ், பலர் புழங்கும் அடுப்படிக்கு ஸ்டீல் என்று நான் சொல்வேன். ஆனால் என் சொல்லை விட முக்கியமானது, அங்கே நிற்கப்போகிறவரின் சொல். கல் கடைக்குப் போகும்போது அவரை முன்னால் விடுங்கள். அவர் தொட்டுப் பார்க்கட்டும், தண்ணீர் சொட்டிப் பார்க்கட்டும், தன் முழங்கை உயரத்தை அளந்து சொல்லட்டும். மேஸ்திரியிடம் அந்த அளவை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்.